அக்கா தம்பி இருவர்

ஃபைல் சார் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் அவருடைய பை வந்துவிடும். தோளில் மாட்டிய பழைய தோல் பை, வயிற்றுக்கு ஒரு அடி முன்னால் ஆடிக்கொண்டே படியேறும். ஃபைல் சார் என்பது இல்லத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அவருடைய உண்மையான பதவிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தத்துத் துறையில் ஒருங்கிணைப்பு அதிகாரி. வெளிநாட்டில் ஒரு தம்பதி பிள்ளை வேண்டும் என்று மனுப் போட்டால், அந்த நாட்டு அரசாங்க அலுவலகம், இங்கே தலைமை அலுவலகம், நீதிமன்றம், பாஸ்போர்ட் அலுவலகம், கடைசியில் இந்த இல்லம் என்று இத்தனைக்கும் நடுவில் ஒரு காகிதம் எங்கே படுத்துத் தூங்குகிறது என்று கண்டுபிடித்துத் தட்டி எழுப்புவதுதான் அவர் பிழைப்பு.

"எங்கே நம்ம பட்டனக்கா? கூப்பிடுங்க, கூப்பிடுங்க."

அவள் அடுக்களையில் பால் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயது பதிமூன்று முடிந்து நாலு மாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போலீஸ் வேனில் இங்கே வந்து இறங்கியபோது அவள் இடுப்பில் ஒரு பொடியன் இருந்தான். மேலே சட்டையில்லாமல், அவளுடைய சட்டைப் பட்டனை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு. அன்றிலிருந்து அவன் பட்டன், அவள் பட்டனக்கா. பதிவேட்டில் இருவருக்கும் வேறு பெயர்கள் உண்டு. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

அலுவலக அறையில் கண்காணிப்பாளர் மேடம் மேசைக்குப் பின்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம். மூலையில் கைக்குழந்தைகளை நிறுக்கும் எடைமெஷின். அதன் மேல் ஃபைல் சார் அந்தக் கோப்பைத் தூக்கி வைத்தார்.

"பாருங்க மேடம், மூணு கிலோ நூறு. பிறந்த குழந்தை தோத்துடும். பதினாலு மாசம் வயித்துல சுமந்திருக்கேன். இனிமே பிரசவம்தான் பாக்கி."

"சுகப்பிரசவம்தானே சார்?" என்றார் மேடம்.

"இவ கையெழுத்துப் போட்டா சுகப்பிரசவம். இல்லேன்னா என்னைத்தான் அறுக்கணும்."

பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையின் சம்மதம் எழுத்தில் வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு அதை வாங்க வேண்டும். அதற்கு முன்னால், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. சில அதிகாரிகள் இதைச் சொல்வதே இல்லை. ஃபைல் சார் சொல்வார், செய்யவும் செய்வார். கோப்பைப் பிரித்து அவள் முன்னால் தள்ளினார்.

"நிதானமாப் படிம்மா. தப்பு இருந்தா சொல்லு, திருத்திடலாம். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

முதலில், இருவரையும் கேட்டிருந்த வெளிநாட்டுத் தம்பதி அனுப்பிய ஆல்பம். அதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு மரவீடு, ஒரு நாய், கண்ணாடி போட்ட ஒரு ஆள், உயரமான ஒரு அம்மா. ஒரே அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்று குட்டை, ஒன்று நீளம். போன மாதம் கம்ப்யூட்டரில் பேசியபோது அந்த அம்மா, "நீ சாப்பிட்டாயா?" என்று பாடப்புத்தகம் மாதிரி கேட்க, பட்டன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ஆளும் கூடச் சிரித்தார். நல்லவர்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து மருத்துவ அறிக்கை, பல் கணக்கு, தடுப்பூசி. உள்நாட்டில் யாரும் கேட்கவில்லை என்பதற்கு ஒரு தாள்: "பெண் பிள்ளை வளர்ந்தவள்; உடன்பிறந்தோரைப் பிரிக்க இயலாது." பதிமூன்று வயதுப் பெண்ணை யாரும் தேடி வருவதில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அந்த நீளக் கட்டில் கிடைத்ததே குட்டைக் கட்டில்காரனுக்கு அவள் அக்கா என்பதால்தான்.

அதற்கடுத்த தாளில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. பசை உலர்ந்து ஓரம் சுருண்டிருந்தது. அதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

படத்தில் இரண்டு மொட்டைத் தலைகள். இல்லத்துக்கு யார் வந்தாலும் முதல் நாள் பேனுக்காக மொட்டையடிப்பார்கள். இரண்டாம் நாள் படம் பிடிப்பார்கள். அதுதான் வழக்கம். கீழே பொடி எழுத்து: "மேலே காணும் உடன்பிறந்தோர், அக்கா தம்பி இருவர், அக்கா வயது சுமார் 11, தம்பி வயது சுமார் 3, ஆதரவின்றிக் கண்டெடுக்கப்பட்டனர். உரிமையுள்ளோர் அறுபது நாட்களுக்குள் தொடர்புகொள்ளவும்."

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்து ஓடவில்லை.

ஒரு பையனைத் தொலைத்தவள் இதைப் பார்த்தால் என்ன செய்வாள்? நெற்றியில் சுருள் முடி விழும் ஒற்றைப் பையன் அவளுக்கு வேண்டும். இங்கே இருப்பதோ மொட்டையாய் இரண்டு. அக்காவாம், தம்பியாம். அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"என்னம்மா, தப்பு ஏதாவது இருக்கா?" வாயைத் துடைத்தபடி ஃபைல் சார் உள்ளே வந்தார்.

"இல்ல சார்."

சுருண்டிருந்த ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக் கோப்பை மூடினாள்.

*

அன்று ராத்திரி அவளுக்குக் கண் மூடவில்லை. சின்னப் பிள்ளைகள் கூடத்தில் இருபத்திரண்டு பாய்கள். கதவோரம் நாற்காலியில் ராக்காவல் ஆயா. அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைரன். தூங்கினால் குறட்டை, விழித்தால் கத்தல், இரண்டுக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

"ஆயா."

"ம்ம்."

"ஆயா, எழுந்திரிங்க."

"யாருடி அது? பாத்ரூம்னா போயிட்டு வா. எனக்கென்ன வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறே?"

"பயமா இருக்கு ஆயா."

குரலில் இருந்த ஏதோ ஒன்று சைரனை நிமிர்ந்து உட்கார வைத்தது. "ஏன், பிளேன்ல ஏறணுமேன்னா? ஊர் உலகமே ஏறுது. இறங்காத பிளேன் எதுவும் இல்லடி."

"பட்டன் என் தம்பி இல்ல."

ஆயா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மின்விசிறி மட்டும் டொக் டொக்கென்று சுற்றியது.

"இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். ஆரம்பத்தில் கோர்வையாக வரவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் செத்த பிறகு சித்தப்பா வீட்டில் இருந்தது, சித்தி கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைத்தது, ஓடி வந்து ஒரு பெரிய பேருந்து நிலையத்தில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தது.

"தனியா இருந்தா ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி பாப்பான் ஆயா. ராத்திரியில வந்து பக்கத்துல உட்காருவான். பத்தாவது நாள் கழிப்பறை வாசல்ல இவன் நின்னு அழுதுட்டிருந்தான். நான் கையைப் பிடிச்சேன், அழுகையை நிறுத்திட்டான். அவ்வளவுதான். அம்மாவைத் தேடலாம்னுதான் பிடிச்சேன், சத்தியமா. அப்ப டீக்கடைக்காரர் ரொட்டி கொடுத்தாரு. 'தம்பியா?'ன்னாரு. ஆமான்னேன். ஒன்பது நாளும் என்னைத் துரத்தினவரு அவரு. ஒருத்தனும் கிட்ட வரல. கையில குழந்தை இருந்தா நம்மளை மனுஷியாப் பாக்கறாங்க ஆயா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒலிபெருக்கியில சொன்னாங்க. மூணு வயசுப் பையன், மஞ்சள் சட்டை, சுருட்டை முடி. பேரையும் சொன்னாங்க."

"நீ என்ன பண்ணே?"

"சட்டையைக் கழட்டிட்டேன்."

சைரன் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு, கிளம்பற பஸ்ல ஏறிட்டேன். யாரும் டிக்கெட் கேக்கல, கூட்டம். வேற ஊர்ல இறங்கினதும் போலீஸ் பிடிச்சுது. எந்த ஊருன்னாங்க, வாயில வந்த ஊரைச் சொன்னேன். அம்மா அப்பா ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னேன். எனக்கு நிஜம்தானே? அவனுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

"அடிப் பாதகத்தி."

"எனக்குப் பதினொரு வயசு ஆயா."

"அதுக்கு? இப்ப ஏன்டி என்கிட்ட கொட்டறே? ரெண்டு வருஷமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

பத்திரிகைத் துண்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். "போன வாரம் இவன் கேக்கறான், 'அக்கா, நம்ம அம்மாவுக்குக் கன்னத்துல மச்சம் இருக்கும்ல?'ன்னு. என் அம்மாவுக்குத்தான் ஆயா மச்சம். நான் கதை சொல்லிச் சொல்லி, அவனுக்கு என் அம்மா அவன் அம்மாவா ஆயிட்டாங்க. அவங்க அம்மா முகமே அவனுக்கு இல்ல. நான் அழிச்சுட்டேன்."

சைரன் அவளைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"இங்க பாரு. கரைக்கு வர்ற கப்பல்ல நீயே ஓட்டை போடாதே. அந்தப் பொம்பளை அழுது முடிச்சிருப்பா. இன்னொண்ணு பெத்திருப்பா. நீ வாயைத் திறந்தே, உன் கட்டிலும் போச்சு, அவன் கட்டிலும் போச்சு. பதினெட்டு வயசு ஆனதும் உன்னை இங்கேர்ந்து தையல் மெஷினோட வெளிய அனுப்புவாங்க. போன பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப மூடிட்டுப் படு. நான் எதையும் கேக்கல. எனக்குக் காது மந்தம்."

அவள் போய்ப் பாயில் படுத்தாள். பட்டன் தூக்கத்தில் உருண்டு வந்து அவள் விலாவில் முட்டிக்கொண்டான். ஆயாவிடம் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

*

காலை பத்து மணி. மேசைமேல் சம்மதப் படிவம், மூன்று நகல். மேடம் சாட்சி. ஃபைல் சார் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்.

"ரெண்டே கேள்விதான்மா. ஒண்ணு, அங்கே போறதுல உனக்கு விருப்பமா? ரெண்டு, யாராவது உன்னை மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வெச்சாங்களா? விருப்பம், இல்லை. இப்படி ரெண்டு வார்த்தை. அப்புறம் கையெழுத்து."

"சார், விளம்பரத்துல தப்பு இருக்கு."

"எதுல?"

"அக்கா தம்பின்னு போட்டிருக்கு. நாங்க இல்ல."

மேடத்தின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். ராத்திரி சொன்னதைவிடச் சுருக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலில் பேசியது மேடம். "சார், இது பயத்துல உளறுது. கிளம்பற நேரத்துல எல்லாப் பெரிய பிள்ளைகளும் இப்படித்தான். போன தடவை ஒருத்தி தனக்கு வலிப்பு இருக்குன்னா. அவங்க டிக்கெட் போட்டாச்சு சார், நாலாம் தேதி வராங்க."

ஃபைல் சார் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் சின்னதாக, வயதானதாகத் தெரிந்தது.

"பட்டனக்கா, இங்கே பாரும்மா. இந்தக் கேஸ்ல மொத்தம் பதினோரு கையெழுத்து, ரெண்டு அரசாங்கம், ஒரு கோர்ட்டு. நீ சொன்னதை நான் எழுதினேன்னா, எல்லாம் நின்னுடும். மறுபடி 'சும்மா சொன்னேன்'னு சொன்னா அழிக்க முடியாது. அந்தத் தம்பதிக்கு அவங்க அரசாங்கம் கொடுத்த அனுமதி 'உடன்பிறந்த இருவர்'னுதான். உன்னைத் தனியாக் கூட்டிட்டுப் போறதுக்கு அதுல இடம் இல்ல. புரியுதா?"

"புரியுது சார்."

"உனக்கு வேற யாரும் வர மாட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன். பதினாலு வயசுப் பொண்ணுக்கு நான் இருபது வருஷத்துல ஒரே ஒரு குடும்பம் பாத்திருக்கேன்."

"சரி சார்."

அவர் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைக் கழற்றவில்லை.

"நான் இன்னும் பேனாவைத் திறக்கல. இந்த ரூம்ல இதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்லல. வெளிய போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வா. வந்து என்ன சொல்றியோ, அதை எழுதிக்கறேன்."

அது கருணையா, கண்ணியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை அவருக்கே தெரிந்திருக்காது. அவள் வெளியே போகவில்லை. வெளியே போனால் முற்றத்தில் பட்டன் டயர் உருட்டிக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும்.

"திறங்க சார்," என்றாள். ஃபைல் சார் மூடியைக் கழற்றினார்.

*

உடன்பிறந்தோர் இல்லை என்று ஆனதும் முதலில் வந்து சேர்ந்த உத்தரவு பாய்களைப் பற்றித்தான். உறவில்லாத வளர்ந்த பெண்ணும் சின்னப் பையனும் ஒரே கூடத்தில் படுக்கக் கூடாது. அவளை மாடிக்கு மாற்றினார்கள். மூன்று ராத்திரி கீழேயிருந்து பட்டன் கத்துவது படிக்கட்டு வழியாக மேலே கேட்டது. நாலாவது ராத்திரி சத்தம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாயிருந்தது.

மேடம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சைரன் மட்டும் படிக்கட்டில் கடந்துபோகும்போது, "நல்லா உருப்பட்டே போ. ஊமை கண்ட கனவா உள்ளேயே வெச்சிக்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்று திட்டிவிட்டு, முந்தானையில் முடிந்த சர்க்கரைக் கட்டியை அவள் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

வெளிநாட்டுத் தம்பதிக்கு அவர்கள் அரசாங்கம் மூலமாகத் தகவல் போயிற்று. நேராகச் சொல்ல ஃபைல் சாருக்கு அனுமதி கிடையாது. காகிதம் போன வழியிலேயேதான் திரும்பி வரவும் வேண்டும். அவர்கள் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். ஆல்பத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மேடம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நாற்பத்தொரு நாள் கழித்து ஃபைல் சார் வந்தார். பை ஆடவில்லை, கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். மாடிப் படியிலேயே உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னார்.

"புகார் கிடைச்சுதும்மா. அந்த பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷன்ல, கையால எழுதின பழைய புத்தகத்துல. அன்னிக்கு சாயங்காலமே அந்த அம்மா எழுதிக் கொடுத்திருக்கு. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை வந்து 'ஏதாவது தெரிஞ்சுதா'ன்னு கேட்டுட்டுப் போயிருக்கு. நேத்து வரைக்கும்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நம்ம விளம்பரம் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு நகல் போகும். அங்கேயும் போயிருக்கு. நோட்டீஸ் பலகையில குத்தி வெச்சிருக்காங்க. ஏட்டு அந்த அம்மாகிட்ட காட்டியிருக்காரு, 'இதைப் பாருங்க'ன்னு. பாத்துட்டு, 'இது அக்கா தம்பி சார், என் பையன் ஒத்தைப் பிள்ளை'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கு." அவர் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். "அந்த மொட்டைப் படத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஒழுங்கான படம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. இருபது வருஷமா மொட்டைப் படம்தான் போடறோம். இதுவரைக்கும் யாருக்கும் தோணல."

"அவங்க வராங்களா சார்?"

"நாளைக்கு."

*

அந்த அம்மா கட்டை குட்டையாக இருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் வந்தவள் மாதிரி, கையில் சாப்பாட்டுத் தூக்கு. கூட அவளுடைய அண்ணன், பட்டனுக்கு மாமா. ரத்தப் பரிசோதனைச் சீட்டு இன்னும் வரவில்லை. ஆனால் கதவில் கால் வைத்த உடனே அவள், "அவன்தான்," என்றாள். பட்டனின் இடது காது மேல்மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும். அவள் காதும் அப்படித்தான். பார்த்த எல்லோருக்கும் அதற்குமேல் சீட்டு தேவைப்படவில்லை.

பட்டன் ஓடி வந்து பட்டனக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். முகத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"அக்கா, இவங்க இல்ல. மச்சம் இல்ல பாரு."

அந்த அம்மா நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

"என்ன மச்சம்?" என்றான் மாமா. "யாருக்கு மச்சம்? ஏய், பொண்ணு, என்னடி சொல்லிக் கொடுத்து வெச்சிருக்கே? சார், இவளைப் போலீஸ்ல கொடுக்காம இங்கே சோறு போட்டு வளர்க்கறீங்களா?"

"அண்ணா, நீ வெளிய இரு."

"நான் ஏன்—"

"வெளிய இருன்னேன்ல."

மாமா போனான். ஃபைல் சார் பட்டனைத் தூக்கி எடைமெஷினில் உட்கார வைத்து முள்ளைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தார். மேடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒலிபெருக்கியில சொன்னதைக் கேட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கே. படிச்சுக் காட்டினாங்க."

"ஆமாம்மா."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

அதுதான். ஆயாவிடமும் சொல்லாதது, படிவத்திலும் எழுதாதது. இந்த அறையில் அதற்குச் சாட்சி கிடையாது. இல்லை என்று சொன்னால் நம்புவார்கள். நம்ப வேண்டும் என்றுதான் அந்த அம்மாவும் கேட்கிறாளோ என்னவோ.

"கேட்டுச்சு."

"எவ்வளவு தூரத்துல?"

"ரெண்டு பஸ் தள்ளி. உங்க கால் தெரிஞ்சுது, பஸ்ஸுக்கு அடியில. இவன் 'அம்மா'ன்னு எழுந்தான். நான் மடியில போட்டு முகத்தை அமுக்கிக்கிட்டேன்."

அந்த அம்மா அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா தூக்கின் பிடியை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா என் குரல்தான் போதலையோன்னு நினைச்சேன்டி. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருந்தா அவனுக்குக் கேட்டிருக்குமோன்னு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சரி. போதுமான அளவு கத்தியிருக்கேன்."

"ராத்திரி எப்படித் தூங்குவான்?"

"ஒருக்களிச்சு. முதுகைத் தட்டக் கூடாது, சுரண்டி விடணும். காய்ச்சல் வந்தா அழ மாட்டான், பேச்சை நிறுத்திடுவான். அப்ப தொட்டுப் பாக்கணும். ஊசி போடப் போறோம்னு முன்னாடியே சொல்லிடணும்மா, ஏமாத்தினா ரெண்டு நாள் முகம் கொடுக்க மாட்டான். பாலுக்கு மேல ஆடை இருந்தா—"

"அது பழையதுதான். அப்பவும் குடிக்க மாட்டான்."

அந்த அம்மா எழுந்தாள்.

"நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். இவங்க சொன்னாலும் நம்ப மாட்டான். பொய்யைச் சொன்னவ நீ. நீயே சொல்லு. இப்பவே, என் முன்னாடி."

"அம்மா, இன்னொரு நாள், ஆலோசகரை வெச்சு மெதுவா…" என்று ஃபைல் சார் குறுக்கிட்டார். "அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"உங்க முறையெல்லாம் பாத்தாச்சு சார்."

ஃபைல் சார் பட்டனை எடைமெஷினிலிருந்து இறக்கி விட்டார்.

பட்டனக்கா தரையில் மண்டியிட்டு அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவன் அழுவான், கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டான், பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று ராத்திரி முழுக்க மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள்.

"பட்டன், மச்சம் இருக்கற அம்மா என் அம்மா. உன் அம்மா இல்ல. நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இவங்கதான் உன் அம்மா. காதைத் தொட்டுப் பாரு, உன் காது மாதிரியே இருக்கும்."

"பொய்."

"இல்ல. முன்னாடி சொன்னதுதான் பொய்."

"அப்ப நீ?"

"நான் உன் அக்கா இல்ல. பஸ் ஸ்டாண்டுல நீ தொலைஞ்சு போயிருந்தே. அம்மா தேடினாங்க. நான் கொடுக்கல."

ஐந்து வயதுக்கு அது எவ்வளவு புரியும் என்று யாருக்குத் தெரியும்? அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் மறந்துவிட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

"ஏன் கொடுக்கல?"

அவள் வாயைத் திறந்தாள். பயமாயிருந்தது என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை.

பட்டன் காத்திருந்து பார்த்தான். பிறகு அவள் பிடியிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். உள்ளங்கைகளை நிக்கரில் துடைத்துக்கொண்டான். அந்த அம்மாவிடம் ஓடவில்லை, அவளிடமும் திரும்பவில்லை. அறைக்கு நடுவில் யாருக்கும் எட்டாத இடத்தில் போய்த் தனியாக நின்றான்.

அவள் மண்டியிட்டபடியே இருந்தாள். சன்னலுக்கு வெளியே மாமா வண்டிக்காரனை, "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுப்பா, வந்துடுவாங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.